‘அர்ஜ்’, ‘கால் அப்பான்’, ‘டிமாண்ட்’, ‘டிசைட்’: ஐநா தீர்மானங்களில் இந்த வினைச்சொற்களுக்குள் என்ன வித்தியாசம்?

கூடல்வாசி:

செய்தி மொழிபெயர்ப்பு செய்பவர்கள், சட்டம் படித்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். ஐநா தீர்மானம் பற்றிய செய்தி வந்தாலே எனக்கு ஒரே இடத்தில் கை நின்றுவிடுகிறது. ஆங்கில மூலத்தில் ஒவ்வொரு பத்தியும் ஒரு வினைச்சொல்லோடு தொடங்குகிறது: ‘அர்ஜஸ்’, ‘கால்ஸ் அப்பான்’, ‘ரிக்வெஸ்ட்ஸ்’, ‘என்கரேஜஸ்’, ‘டிமாண்ட்ஸ்’, ‘டிசைட்ஸ்’. கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் மற்ற எல்லாமே ‘ஒன்றைச் செய்யச் சொல்வது’தான். நம் பத்திரிகைகளில் அத்தனைக்கும் ‘வலியுறுத்தல்’ என்று ஒரே சொல் போடுகிறார்கள். ‘ஐநா வலியுறுத்தல்’ என்று தலைப்பு வைத்தால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஆனால் மூலத்தை எழுதியவர்கள் யோசித்துத்தான் வேறு வேறு சொல் போட்டிருக்கிறார்கள் என்றால் அந்த யோசனை தமிழ் வாசகருக்குப் போய்ச் சேரவே இல்லையே. இந்தச் சொற்களுக்குள் மேல் கீழ் என்று ஏதாவது வரிசை இருக்கிறதா, இல்லை ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்களா?

சட்டமேடை:

வரிசை இருக்கிறது. ஒரே ஆவணத்துக்குள்ளேயே அதைப் பார்த்துவிடலாம். 2001 செப்டம்பர் 28-இல், நியூயார்க் தாக்குதல் நடந்த அதே மாதத்தில், பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 1373-ஆம் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தி ‘டிசைட்ஸ் தட் ஆல் ஸ்டேட்ஸ் ஷல்’ என்று தொடங்குகிறது. பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுக்க வேண்டும், அதைக் குற்றமாக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர்களின் கணக்குகளை முடக்க வேண்டும் என்று அதன் கீழே அடுக்குகிறார்கள். இரண்டாம் பத்தியும் அப்படியே. மூன்றாம் பத்திக்கு வந்ததும் ‘கால்ஸ் அப்பான் ஆல் ஸ்டேட்ஸ்’ என்று குரல் இறங்கிவிடுகிறது. தகவல் பரிமாற்றத்தை வேகப்படுத்துவது, உரிய ஒப்பந்தங்களில் சேருவது எல்லாம் அந்தப் பத்தியில் இருக்கின்றன. அதாவது பணத்தை முடக்குவது கடமை, தகவலைப் பகிர்வது அழைப்பு. எழுதியவர்கள் ஒரே ஆட்கள், எழுதிய நாளும் ஒன்று. கை மறந்து சொல் மாறவில்லை.

இதற்கு அடிப்படை ஐநா சாசனத்தின் 25-ஆம் பிரிவு. பாதுகாப்பு கவுன்சிலின் ‘டிசிஷன்களை’ ஏற்று நிறைவேற்ற உறுப்பு நாடுகள் ஒப்புக்கொள்கின்றன என்று அது சொல்கிறது. பத்தி ‘டிசைட்ஸ்’ என்று தொடங்கினால் நேராக அந்தப் பிரிவில் போய் உட்கார்ந்துவிடும், வாதாட அதிகம் இடமில்லை. அதற்குக் கீழே, தோராயமாக, ‘டிமாண்ட்ஸ்’, பிறகு ‘கால்ஸ் அப்பான்’, ‘அர்ஜஸ்’, பிறகு ‘ரிக்வெஸ்ட்ஸ்’, கடைசியில் ‘என்கரேஜஸ்’, ‘இன்வைட்ஸ்’. நடுவில் இருப்பவற்றுக்குள் எது மேலே எது கீழே என்பதில் வழக்கறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. ‘டிசைட்ஸ்’ மேலே, ‘இன்வைட்ஸ்’ கீழே என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

எதிர்க்கரை:

சரி, ஒன்று கேட்கிறேன். ‘டிமாண்ட்ஸ்’ என்று போட்டாலும் யார் கேட்கிறார்கள்? பாதுகாப்பு கவுன்சில் சொன்னதைக் காதில் வாங்காத நாடுகளின் பட்டியல் நீளமானது. வல்லரசு பக்கத்தில் நின்றால் எந்தச் சொல்லும் தொடாது, வல்லரசு எதிரே நின்றால் ‘என்கரேஜஸ்’கூட மிரட்டல்தான். சொல்லாராய்ச்சி செய்து நேரத்தைப் போக்குவதைவிட யார் கையில் என்ன பலம் இருக்கிறது என்று வாசகருக்குச் சொல்வது உபயோகமான வேலை என்பது என் கருத்து.

பனைநிழல்:

எதிர்க்கரை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதிக்காக இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்து வாசியுங்கோ. ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றி நிறைவேற்றிய தீர்மானங்களை நான் வரி வரியாக வாசித்து வருகிறேன். எங்கட சனத்துக்கு அந்த வரிகள் வெறும் கடதாசி இல்லை.

முதலில் ஒன்று. பேரவை பாதுகாப்புச் சபை இல்லை. அங்கே எந்தச் சொல் போட்டாலும் ஒரு நாட்டைச் சட்டப்படி கட்டாது. அப்படியிருந்தும் ஒவ்வொரு மார்ச்சிலும் செப்டம்பரிலும் அந்த வினைச்சொற்களுக்காக இரவிரவாகப் பேரம் நடக்கிறது என்றால் காரணம் இருக்கத்தானே வேண்டும்.

2012 மார்ச் 22-இல் வந்த 19/2 தீர்மானம். இலங்கை அரசாங்கமே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் பரிந்துரைகளை நிறைவேற்றும்படி அரசாங்கத்துக்கு ‘கால்ஸ் அப்பான்’, செயற்திட்டம் ஒன்றைச் சமர்ப்பிக்கும்படி ‘ரிக்வெஸ்ட்ஸ்’, மனித உரிமை ஆணையாளர் அலுவலகம் ஆலோசனை வழங்குவதற்கு ‘என்கரேஜஸ்’. அந்த ஆலோசனையும் இலங்கை அரசாங்கத்தின் இணக்கத்தோடுதான் என்று பக்கத்திலேயே ஒரு பூட்டு. அடுத்த வருடம், 2013 மார்ச் 21-இல், 22/1. தமிழ்நாட்டில் மாணவர்கள் வீதிக்கு இறங்கினதும், திமுக மத்திய அரசில் இருந்து விலகினதும் அந்தக் கிழமைகளில்தான். அந்தத் தீர்மானத்தில் ஆணையாளரின் அறிக்கையில் உள்ள பரிந்துரைகளை நிறைவேற்ற அரசாங்கத்தை ‘என்கரேஜஸ்’, சுயாதீன விசாரணை நடத்தச் சொல்லி ‘கால்ஸ் அப்பான்’. இரண்டு வருடமும் பேச்சு முழுக்கக் கொழும்பைப் பார்த்து. செய்யச் சொல்லிக் கேட்டார்கள், அவர்கள் செய்யவில்லை, கதை அவ்வளவுதான்.

2014 மார்ச் 27, 25/1 தீர்மானம். இந்த இடத்தைத்தான் கவனிக்க வேணும். அதில் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற சொல் மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தைப் பார்த்து வந்தது: போரில் இரண்டு தரப்பும் செய்ததாகச் சொல்லப்படும் மீறல்களை விரிவாக விசாரியுங்கள் என்று. அகராதியில் ‘ரிக்வெஸ்ட்’ என்றால் பணிவாகக் கேட்பது. ஆனால் ஐநாவின் ஒரு சபை ஐநாவின் சொந்த அலுவலகத்தைப் பார்த்து ‘ரிக்வெஸ்ட்’ பண்ணினால் அது பணிப்புரை. மறுக்க முடியாது. அதற்குக் காசு ஒதுக்குவார்கள், ஆட்களை எடுப்பார்கள், அறிக்கைக்குத் திகதி குறிப்பார்கள். விசாரணை நடந்தது, 2015 செப்டம்பரில் அறிக்கை வந்தது. ஒரு வருடம் முன்னர் கொழும்பைப் பார்த்துச் சொன்ன ‘கால்ஸ் அப்பான்’ அகராதிப்படி இதைவிடப் பலமான சொல். ஆனால் வேலை நடந்தது மெல்லிய சொல்லால், ஏனென்றால் அது போய்ச் சேர்ந்த விலாசம் வேறு.

அதுக்குப் பிறகு 2015 ஒக்டோபர் 1-இல் 30/1. இலங்கையே சேர்ந்து முன்மொழிந்தது, வாக்கெடுப்பு இல்லாமல் நிறைவேறியது. அன்றைக்கு ‘வெளிநாட்டு நீதிபதிகளுடன் விசாரணை, ஐநா முடிவு’ என்ற தோரணையில் தலைப்புகள் வந்தன. ஆறாம் பத்தியைத் திறந்து பாருங்கோ. நீதிப் பொறிமுறை அமைக்கும் அரசாங்கத்தின் யோசனையை ‘நோட்ஸ் வித் அப்ரிசியேஷன்’, அதாவது பாராட்டோடு கவனத்தில் எடுக்கிறது. நம்பகமான நீதி நடைமுறையில் சுயாதீனமான நீதித்துறை இருக்க வேணும் என்று ‘அஃபர்ம்ஸ்’. பொதுநலவாய, பிற வெளிநாட்டு நீதிபதிகள், வழக்குத் தொடுநர்கள் ஒரு இலங்கைப் பொறிமுறையில் பங்குபற்றுவதன் ‘முக்கியத்துவத்தை’யும் ‘அஃபர்ம்ஸ்’. பங்குபற்ற வேணும் என்று அந்தப் பத்தி முடிவெடுக்கவில்லை. பங்குபற்றுவது முக்கியம் என்று உறுதிப்படச் சொன்னது, அதோடு நின்றது. அந்த இடைவெளியில்தான் பிறகு கொழும்பு நின்றது. 2020 பெப்ரவரியில் சேர்ந்து முன்மொழிந்ததில் இருந்தும் விலகிக்கொண்டார்கள்.

கடைசியாக 2021 மார்ச் 23, 46/1. அதிலும் ஆறாம் பத்திதான். ‘ரெகக்னைசஸ்’ என்று தொடங்கி நடுவில் ‘அண்ட் டிசைட்ஸ்’ என்று திரும்புகிறது: சாட்சியங்களைச் சேகரிக்க, ஒருங்கிணைக்க, பகுப்பாய்வு செய்ய, பாதுகாக்க ஆணையாளர் அலுவலகத்தின் ஆற்றலைப் பலப்படுத்துவதாக முடிவு. 22 நாடு ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 வாக்களிக்கவில்லை, இந்தியா அந்த 14-இல் ஒன்று. கொழும்பு கடுமையாக எதிர்த்தது. ஆனால் அந்த ‘டிசைட்ஸ்’ கொழும்பைப் பார்த்துச் சொன்னதே இல்லை, ஜெனீவா தனக்குத்தானே சொன்னது. அதனால் நடந்தது. அங்கே ஒரு அணி இருந்து சாட்சியம் சேர்க்கிறது, 2022-இல் 51/1 அதை நீடித்துப் பலப்படுத்தியது.

ஆகவே தம்பி கூடல்வாசி, சொல்லை மட்டும் பார்த்தால் போதாது, அந்தச் சொல் ஆரைப் பார்த்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேணும். எதிர்க்கரைக்கும் இதுதான் என் பதில்: பலம் ஆர் கையில் என்பதைக் காட்டுவதற்கே இந்த வினைச்சொற்களைத்தான் வாசிக்க வேண்டியிருக்கு.

கூடல்வாசி:

அண்ணா, நன்றி. 25/1-ஐ இப்போது திறந்து வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். ஒரே ‘ரிக்வெஸ்ட்ஸ்’ அரசாங்கத்தைப் பார்த்தால் வேண்டுகோள், அலுவலகத்தைப் பார்த்தால் பணிப்பு. அப்படியென்றால் தமிழில் இரண்டு சொல்லாகவே பிரித்துவிடலாம் போலிருக்கிறதே. அதைப் பற்றிப் பிறகு கேட்கிறேன்.

தாழை:

காலநிலை மாநாடுகளைப் பின்தொடர்பவள் என்ற முறையில் இதையும் சேர்க்கிறேன், ஏனென்றால் ஒற்றைச் சொல்லுக்காக ஒரு உலக ஒப்பந்தமே கவிழ்ந்துவிடும் நிலைக்குப் போனது அங்கேதான்.

பாரிஸ், 2015 டிசம்பர் 12. இறுதி வரைவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நாலாம் பிரிவின் நாலாம் உட்பிரிவில் வளர்ந்த நாடுகள் பொருளாதாரம் முழுவதையும் தழுவிய உமிழ்வுக் குறைப்பு இலக்குகளோடு முன்னின்று நடத்துவதைத் தொடர வேண்டும் என்ற வாக்கியத்தில் ‘ஷல்’ இருந்தது. வளரும் நாடுகளுக்கான அடுத்த வாக்கியத்தில் ‘ஷுட்’. முந்தைய வரைவுகளில் வளர்ந்த நாடுகளுக்கும் ‘ஷுட்’தான் இருந்தது, இது எப்படி மாறியது என்று அமெரிக்கா பிடித்துக்கொண்டது. ‘ஷல்’ என்றால் சட்டக் கடமை. புதிய சட்டக் கடமை என்றால் செனட்டுக்குப் போக வேண்டும், அங்கே மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். மாநாடு தாமதமானது. கடைசியில் எழுத்துப்பிழைத் திருத்தங்களை வாசிப்பதுபோல மேடையில் இருந்து வாசித்தார்கள், அதில் ஒன்றாக இந்த ‘ஷல்’ ‘ஷுட்’ ஆனது. சில நிமிடங்களில் ஒப்பந்தம் நிறைவேறியது. பள்ளிக்கூட இலக்கணத்தில் ‘ஐ ஷல்’, ‘யூ வில்’ என்று மட்டுமே படித்த நமக்கு ‘ஷல்’லின் இந்த எடை தெரியவே வாய்ப்பில்லை.

இன்னொன்று, 2018 டிசம்பரில் போலந்தின் கட்டோவிட்ஸ் மாநாடு. வெப்பநிலை 1.5 டிகிரி உயர்ந்தால் என்ன ஆகும் என்று விஞ்ஞானிகள் குழு கொடுத்த சிறப்பு அறிக்கையை மாநாடு ‘வெல்கம்’ செய்யலாம் என்றபோது அமெரிக்கா, சவுதி அரேபியா, ரஷ்யா, குவைத் நான்கும் ஒத்துக்கொள்ளவில்லை, ‘நோட்’ என்று இருந்தால் போதும் என்றார்கள். ‘வெல்கம்’ என்றால் உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும், ‘நோட்’ என்றால் வந்து சேர்ந்தது, பார்த்தோம், அவ்வளவுதான். கடைசி வாசகத்தைப் பாருங்கள், ‘வெல்கம்ஸ் த டைம்லி கம்ப்ளீஷன்’ என்று இருக்கும். அறிக்கை குறித்த நேரத்தில் முடிக்கப்பட்டதை வரவேற்கிறார்கள்! அறிக்கையை அல்ல. வரவேற்க வேண்டும் என்று போராடிய சிறு தீவு நாடுகளின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. செய்தியில் இதை ‘அறிக்கைக்கு வரவேற்பு’ என்று போட்டால் நடந்ததற்கு நேர் எதிராகிவிடும்.

நிரலாக்கன்:

நீங்கள் பேசுவது எங்கள் துறையில் 1997-இலேயே எழுதி வைக்கப்பட்ட விஷயம். இணையத்தின் தொழில்நுட்ப விதிகள் எல்லாம் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில் வரும். அதில் 2119-ஆம் எண் ஆவணம், ஸ்காட் பிராட்னர் எழுதியது, ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ மூன்றுக்கும் பொருளை நிர்ணயித்துவிட்டது. ‘மஸ்ட்’ என்றால் விலக்கே இல்லை, ‘ஷல்’லும் அதே பொருள்தான். ‘ஷுட்’ என்றால் தகுந்த காரணம் இருந்தால் விலகலாம், ஆனால் விளைவை எடைபோட்டுவிட்டு விலகு. ‘மே’ என்றால் உன் விருப்பம். 2017-இல் 8174 என்று இன்னொன்று வந்தது: பெரிய எழுத்தில் எழுதினால் மட்டுமே இந்தப் பொருள், சின்ன எழுத்தில் இருந்தால் சாதாரண ஆங்கிலம்தான் என்று. அதாவது ஒரே சொல்லுக்கு அன்றாடப் பொருள் ஒன்று, ஆவணப் பொருள் ஒன்று. ஐநாவும் இப்படி ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கலாமே?

சட்டமேடை:

நிரலாக்கன், போட மாட்டார்கள். பொருள் கொஞ்சம் மங்கலாக இருந்தால்தான் இரண்டு தரப்பும் கையெழுத்திடும். ஆனால் பொதுச்சபை ஒரே ஒரு சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறது. ‘நோட்ஸ்’, ‘டேக்ஸ் நோட் ஆஃப்’ இரண்டும் நடுநிலைச் சொற்கள், ஆதரவும் அல்ல எதிர்ப்பும் அல்ல என்று 2001 செப்டம்பரில் 55/488 என்ற முடிவில் பதிவு செய்திருக்கிறார்கள். தாழை சொன்ன கட்டோவிட்ஸ் சண்டை அதனால்தான் நடந்தது. 2009-இல் கோபன்ஹேகன் உடன்பாட்டையும் மாநாடு ‘அடாப்ட்’ செய்யவில்லை, ‘டேக்ஸ் நோட்’ என்றுதான் முடித்தது.

இப்போது நான் முன்பு கொடுத்த வரிசையில் ஒரு சிக்கலைச் சேர்க்க வேண்டும். தென்னாப்பிரிக்கா நமீபியாவை விட்டு வெளியேறாமல் இருந்தபோது பாதுகாப்பு கவுன்சில் 1970-இல் 276-ஆம் தீர்மானம் போட்டது. அதில் தென்னாப்பிரிக்காவின் இருப்பு சட்டவிரோதம் என்று ‘டிக்ளேர்ஸ்’, அந்நாட்டோடு அதற்கு மாறான தொடர்பு வைக்காதீர்கள் என்று எல்லா நாடுகளுக்கும் ‘கால்ஸ் அப்பான்’. இந்தப் பத்திகளில் ‘டிசைட்ஸ்’ இல்லை, தடைகள், படை நடவடிக்கை பற்றிய சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் பெயரும் இல்லை. இது கட்டுமா கட்டாதா என்ற கேள்வி சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1971 ஜூன் 21-இல் நீதிமன்றம் சொன்ன கருத்து: தீர்மானத்தின் சொற்கள், அதற்கு முன் நடந்த விவாதம், சுட்டிய சாசனப் பிரிவுகள், மொத்தச் சூழ்நிலை எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பார்த்ததில் இந்த இரண்டு பத்திகளும் கட்டுப்படுத்தும் என்றது. ஆக ‘கால்ஸ் அப்பான்’ என்றாலே வெறும் அழைப்பு என்றும் சொல்லிவிட முடியாது. சாசனத்திலேயே அந்தச் சொல் இரண்டு எடையில் வருகிறது. தகராறைப் பேசித் தீர்க்கச் சொல்லும் 33-ஆம் பிரிவில் அது அறிவுரை, தடைகளைப் பற்றிய 41-ஆம் பிரிவில் நாடுகளைப் பார்த்து அதே சொல் வரும்போது கட்டளை.

2024 மார்ச்சில் காஸா பற்றி நடந்ததும் இதே பிரச்சினை. மார்ச் 22-இல் அமெரிக்கா கொண்டுவந்த வரைவு உடனடிப் போர்நிறுத்தத்தின் இன்றியமையாமையை ‘டிடர்மின்ஸ்’ என்றது. போரை நிறுத்து என்று யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, நிறுத்துவது அவசியம் என்று தான் கண்டறிந்ததாக மட்டும் சொன்னது. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. மூன்று நாள் கழித்து 14 நாடுகள் ஆதரிக்க, அமெரிக்கா ஒதுங்கி நிற்க, 2728-ஆம் தீர்மானம் ‘டிமாண்ட்ஸ்’ என்று வந்தது. வந்த அன்றே அமெரிக்கா இது கட்டுப்படுத்தாது என்றது, மற்ற உறுப்பினர்கள் பலர் கட்டுப்படுத்தும் என்றார்கள். நமீபியா பற்றி நீதிமன்றம் சொன்ன கருத்தை வைத்துப் பார்த்தால் ‘டிமாண்ட்ஸ்’ கட்டும் என்ற பக்கம்தான் நான் நிற்பேன்.

எதிர்க்கரை:

நமீபியா சேதி எனக்குப் புதிது. ஆனால் ‘டிமாண்ட்’ போட்டு காஸாவில் அந்த மாதம் போர் நின்றதா? நிற்கவில்லை. நான் கேட்பது அதுதான்.

பனைநிழல்:

நிற்கவில்லைத்தான். அதுக்காக ‘டிடர்மின்ஸ்’ என்ற சொல்லோடு வந்திருந்தாலும் ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறுத்தச் சொல்லப்பட்டது என்ற பதிவு இருந்தால்தான் நாளைக்கு ஒரு மன்றத்தில் நின்று, சொல்லியும் நிறுத்தவில்லை என்று வாதாட முடியும். 2009-இல் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது பாதுகாப்புச் சபையில் அப்படி ஒரு தீர்மானம்கூட வரவில்லை, ‘அர்ஜஸ்’ மட்டத்தில்கூட வரவில்லை. அந்தப் பதிவு இல்லாததன் விலை எங்களுக்குத் தெரியும்.

எதிர்க்கரை:

அண்ணா, அதற்கு மேல் நான் வாதாட விரும்பவில்லை. நீங்கள் சொல்வதன் கனம் புரிகிறது.

கூடல்வாசி:

கண்டன வகைச் சொற்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். ‘கண்டெம்’, ‘டிப்ளோர்’, ‘ரிக்ரெட்’, ‘எக்ஸ்பிரஸ் கன்சர்ன்’. முதல் இரண்டுக்கும் ‘கண்டனம்’ என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம்.

தாழை:

‘கண்டெம்’ குற்றம் சாட்டும் சொல், செய்தவனை நோக்கி விரல் நீளும். ‘டிப்ளோர்’ நடந்ததை நினைத்து மனம் கொதிப்பதைச் சொல்வது, செய்தவன் பெயரையும் சேர்க்கலாம், ஆனாலும் ஒரு படி கீழே. 2022 பிப்ரவரி 25-இல் உக்ரைன் பற்றிப் பாதுகாப்பு கவுன்சிலுக்கு வந்த வரைவில் முதலில் ‘கண்டெம்ஸ்’ இருந்தது, சீனா எதிர்த்து வாக்களிக்காமல் ஒதுங்கட்டும் என்று ‘டிப்ளோர்ஸ்’ ஆக்கினார்கள். சீனா ஒதுங்கியது, இந்தியாவும் ஒதுங்கியது, ரஷ்யா வீட்டோ போட்டது. மார்ச் 2-இல் பொதுச்சபையில் 141 நாடுகள் ஆதரித்த தீர்மானத்திலும் ‘டிப்ளோர்ஸ் இன் த ஸ்ட்ராங்கஸ்ட் டெர்ம்ஸ்’ என்றே இருக்கிறது. சொல்லை மென்மையாக்கிவிட்டு அடைமொழியால் ஈடுகட்டியிருக்கிறார்கள். ‘எக்ஸ்பிரஸ் கன்சர்ன்’ எல்லாம் கவலை தெரிவிப்பதுதான், ‘கண்டனம்’ என்று எழுதவே கூடாது.

தமிழில் ‘டிப்ளோர்’க்கு ‘வன்மையாக வருந்துகிறது’ என்று சில இடங்களில் பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. வருத்தத்தில் வன்மை ஒட்டாது. ‘ஏற்கத்தகாதது என்று கூறியது’ என்று எழுதலாமா?

கிழக்குவாசல்:

இந்த இழையை இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘அக்னாலெட்ஜ்’, ‘ரெகக்னைஸ்’ பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். தைவான் பிரச்சினை முழுவதும் இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் நிற்கிறது. 1979 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க-சீனக் கூட்டறிக்கையில், மக்கள் சீனத்தின் அரசே சீனாவின் ஒரே சட்டபூர்வ அரசு என்பதை அமெரிக்கா ‘ரெகக்னைசஸ்’. கொஞ்சம் தள்ளி, சீனா ஒன்றே, தைவான் அதன் பகுதி என்ற ‘சீன நிலைப்பாட்டை’ அமெரிக்கா ‘அக்னாலெட்ஜஸ்’. முதலாவது அங்கீகாரம். இரண்டாவது, நீங்கள் அப்படிச் சொல்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும் என்ற அளவு. 1972 ஷாங்காய் அறிக்கையின் சீன வாசகத்தில் அந்த இடத்துக்கு ‘ரென்ஷி’ என்ற சொல் இருந்தது, அறிந்திருப்பது என்ற பொருளில். 1979-இன் சீன வாசகத்தில் அது ‘செங்ரென்’ ஆகிவிட்டது, அது ஏற்பு, அங்கீகாரம் பக்கம் சாயும் சொல். ஆங்கில வாசகமே தங்களைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்கத் தரப்பு சொல்லிவிட்டது. நம் செய்திகளில் ‘தைவான் சீனாவின் பகுதி என்பதை அமெரிக்கா அங்கீகரித்துள்ளது’ என்று அடிக்கடி வருகிறது, அது தவறு.

கூடல்வாசி:

பொன்னான தகவல். சரி, நடைமுறைக்கு வருகிறேன், எனக்கு நாளைக்கும் செய்தி வரும். ‘டிசைட்ஸ்’: முடிவு செய்தது. ‘கால்ஸ் அப்பான்’: அழைப்பு விடுத்தது. ‘அர்ஜஸ்’: வலியுறுத்தியது. ‘ரிக்வெஸ்ட்ஸ்’ நாட்டைப் பார்த்தால் கேட்டுக்கொண்டது, ஐநா அலுவலகத்தைப் பார்த்தால் பணித்தது. ‘என்கரேஜஸ்’: ஊக்குவித்தது என்று எல்லோரும் எழுதுகிறோம், ஆனால் அது ஏற்கனவே நடக்கிற வேலைக்குத் தட்டிக்கொடுப்பது மாதிரி ஒலிக்கிறது, அதனால் ‘செய்யுமாறு ஊக்கமளித்தது’ என்று கொஞ்சம் நீட்டலாம். ‘இன்வைட்ஸ்’க்கும் அழைப்பு என்றால் ‘கால்ஸ் அப்பான்’ உடன் மோதும், அதற்கு ‘செய்ய முன்வருமாறு கூறியது’. ‘டிமாண்ட்ஸ்’தான் சிக்கல். ‘கோரியது’ என்றால் போதுமா?

பனைநிழல்:

இலங்கைத் தமிழில் ‘கோருதல்’ விண்ணப்பம் பக்கம் போய்விட்டது. விலைமனு கோருகிறார்கள், விண்ணப்பம் கோருகிறார்கள். பாதுகாப்புச் சபை ‘டிமாண்ட்’ பண்ணுவதற்கு அது காணாது.

நிரலாக்கன்:

தமிழ்நாட்டிலும் அது இரட்டைச் சொல்தான். தொழிற்சங்கத்தின் ‘கோரிக்கைகள்’ என்றால் டிமாண்ட். கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் ‘கோரிக்கை மனு’ என்றால் ரிக்வெஸ்ட். ஒரே சொல் சங்கக் கொடியோடும் போகிறது, கைகட்டியும் நிற்கிறது.

தாழை:

வினைச்சொல் ஒன்றிலேயே எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? தமிழில் ‘வேண்டும்’ இருக்கிறதே. ‘இரு தரப்பும் உடனே போரை நிறுத்தியே ஆக வேண்டும் என்றது’ என்று எழுதினால் டிமாண்டின் கனம் முழுதாக வந்துவிடுகிறது. ‘நிறுத்த வேண்டும் என்றது’, ‘நிறுத்துமாறு கேட்டுக்கொண்டது’, ‘நிறுத்தினால் நல்லது என்றது’, இந்த வித்தியாசம் தமிழ் காதுக்கு உடனே பிடிபடும்.

சட்டமேடை:

எனக்குப் பிடித்திருக்கிறது. செய்திக்கு இது போதும். சட்ட ஆவண மொழிபெயர்ப்புக்கு மட்டும் ஒரு மூலச்சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று ஆரம்பம் முதல் முடிவு வரை வைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் வாசிப்பவர் இரண்டு வேறு சொல் இருந்ததாக நினைத்துவிடுவார்.

கூடல்வாசி:

‘ஆக வேண்டும்’ எடுத்துக்கொண்டேன். ஒரு கடைசிச் சந்தேகம். பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் எதை எடுத்தாலும் கடைசிப் பத்தியில் ‘டிசைட்ஸ் டு ரிமெய்ன் சீஸ்ட் ஆஃப் த மேட்டர்’ என்று ஒன்று வருகிறது. ‘சீஸ்’ என்றால் கைப்பற்றுவது. இங்கே யார் எதைக் கைப்பற்றுகிறார்கள்? இதை நாங்கள் செய்தியில் விட்டுவிடுவோம்.

சட்டமேடை:

இது நீதிமன்றங்களிலிருந்து வந்த பிரயோகம். ஒரு வழக்கு ஒரு மன்றத்தின் முன் நிலுவையில் இருக்கிறது என்பதற்கு அந்த மன்றம் அதில் ‘சீஸ்ட்’ என்பார்கள். ‘இந்த விவகாரத்தைத் தொடர்ந்து தன் பரிசீலனையில் வைத்திருக்க முடிவு செய்தது’ என்று எழுதலாம். சாசனத்தின் 12-ஆம் பிரிவுப்படி ஒரு விவகாரத்தைப் பாதுகாப்பு கவுன்சில் கையாண்டுகொண்டிருக்கும்போது பொதுச்சபை அதில் பரிந்துரை செய்யக்கூடாது. விஷயம் எங்கள் கையில் இருக்கிறது என்று கவுன்சில் சொல்லிவைக்கும் வரி அது. நடைமுறையில் பொதுச்சபை இந்தத் தடையைப் பெரிதாக மதிப்பதில்லை, இரண்டும் ஒரே விவகாரத்தை ஒரே சமயத்தில் பேசும் வழக்கம் வளர்ந்துவிட்டதை சர்வதேச நீதிமன்றமும் 2004-இல் சுட்டிக்காட்டியிருக்கிறது.

2728-ஐ இந்தக் கண்ணோடு திரும்பப் படியுங்கள். மொத்தம் மூன்றே பத்தி. முதல் பத்தி ‘டிமாண்ட்ஸ்’, இரண்டாவது ‘எம்ஃபசைசஸ்’. ‘டிசைட்ஸ்’ என்ற சொல் வருவது மூன்றாம் பத்தியில் மட்டும்தான், அதுவும் விவகாரத்தைத் தன் பரிசீலனையில் வைத்திருப்பதற்கு. கட்டாது என்று வாதாடுபவர்களின் கைப்பிடி அதுதான், அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்தப் பத்தியை விட்டுவிடாதீர்கள்.